தண்ணீருக்கு ‘மை லார்ட்’ தெரியாது

லண்டன், 1897. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பின்பக்கம், நீதிபதிகள் கவுன் மாட்டிக்கொள்ளும் அறை. நீங்களும் நானும் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து தும்மிவிடாதீர்கள். மாட்டினால் நீதிமன்ற அவமதிப்பு!

அதோ, முதலில் வருகிறார் லார்ட் ஈஷர். ‘மாஸ்டர் ஆஃப் த ரோல்ஸ்’ என்ற பதவி, அதாவது இந்த நீதிமன்றத்துக்கே தலைவர். எண்பதைத் தாண்டியும் முதுகு வளையாத மனிதர். அவருக்குப் பின்னால் ஏ.எல். ஸ்மித், வயது அறுபது. கடைசியாக வருபவர் எழுபதை நெருங்குகிற ஜோசப் வில்லியம் சிட்டி. ‘எந்திரன்’ ரஜினி ஞாபகம் வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் சத்தமில்லாமல்.

இப்போது கவுன் ஏறுவதற்கு முன்னால் அந்தத் தோள்களை மட்டும் ஒரு பார்வை பாருங்கள். மூன்றுமே துடுப்புப் போட்ட தோள்கள்! தேம்ஸ் நதியில் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் மோதும் புகழ்பெற்ற படகுப் போட்டியில், ஈஷர் 1839-ல் கேம்பிரிட்ஜுக்காக இறங்கியவர். ஸ்மித் 1857, 1858, 1859 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அதே கேம்பிரிட்ஜுக்கு. சிட்டி ஆக்ஸ்ஃபோர்டு. இந்த மூவருக்குள் கருத்து வேறுபாடு வந்தால் இரண்டுக்கு ஒன்று, தீர்ப்பு கேம்பிரிட்ஜுக்குத்தான்!

‘இது அநியாயம், மேலே போகிறேன்’ என்று பிரபுக்கள் சபைக்கு அப்பீல் எடுத்துக்கொண்டு ஓடினால் மட்டும் என்ன? அங்கே லார்ட் மக்நாட்டன் உட்கார்ந்திருக்கிறார். 1852 போட்டியில் சிட்டி ஆக்ஸ்ஃபோர்டு படகில் இருந்தபோது எதிர்ப்படகில் கேம்பிரிட்ஜுக்குத் துடுப்புப் போட்டவர் அவர். அன்றைக்கு ஜெயித்தது ஆக்ஸ்ஃபோர்டு. நாற்பத்தைந்து வருடம் கழித்து சிட்டியின் தீர்ப்பைத் திருத்தும் நாற்காலி மக்நாட்டனிடம். கணக்குத் தீர்க்க இதைவிட நல்ல இடம் உண்டா?

நம் ஊர் சட்டக் கல்லூரிகளில் இந்தப் பெயர்கள் எல்லாம் மனப்பாடம். ஒப்பந்தச் சட்டம் படித்த யாரைக் கேட்டாலும் ‘கார்பாலிக் ஸ்மோக் பால்’ வழக்கைச் சொல்வார்கள். எங்கள் மருந்துப் பந்தை முறைப்படி பயன்படுத்தியும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுண்டு தருகிறோம் என்று விளம்பரம் செய்துவிட்டு, உண்மையிலேயே காய்ச்சல் வந்த அம்மாள் கேட்டபோது கையை விரித்த கம்பெனியின் கதை. ‘சொன்னால் கொடு’ என்று தீர்ப்பு எழுதிய மூவரில் ஒருவர் நம்முடைய ஸ்மித். கம்பெனி வேறு, அதை நடத்தும் ஆள் வேறு என்று நிலைநாட்டிய சாலமன் வழக்கில் மக்நாட்டன் இருக்கிறார். தேர்வுக்கு முந்தின இரவு இவர்களைத் திட்டாத சட்ட மாணவர் கிடையாது. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஈரச் சட்டையும் ரசாயனக் கறையும் இருந்தது என்று மட்டும் அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் பாடம் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

நீச்சல் தெரியாத துடுப்புக்காரர்

வாருங்கள், அறையை விட்டு நதிக்கரைக்குப் போவோம்.

பட்னியிலிருந்து மோர்ட்லேக் வரை ஏறக்குறைய 6.8 கிலோமீட்டர். ஒரு படகில் எட்டுப் பேர் துடுப்போடு, ஒருவர் சுக்கானோடு. வேடிக்கை என்னவென்றால், துடுப்புப் போடுகிற எட்டுப் பேருக்கும் போகிற திசை தெரியாது. இலக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கண்ணில் படுவதெல்லாம் கடந்து வந்த தண்ணீர்தான். முன்னே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஒரே ஆள் சுக்கான்காரர். பழைய தீர்ப்புகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே முதுகுப் பக்கமாக எதிர்காலத்துக்குள் போகிற ஒரு தொழில் இருக்கிறதே, அதற்கு இதைவிட நல்ல பயிற்சி வேறென்ன?

1859 போட்டி. காற்று பேயாக வீசுகிறது, தேம்ஸ் கொந்தளிக்கிறது. கேம்பிரிட்ஜ் படகுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. எட்டுப் பேரும் விடாமல் துடுப்பை இழுக்கிறார்கள். படகின் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு இறங்குகிறது. அப்புறம் விளிம்பே தெரியவில்லை. முடிவுக் கோட்டைத் தொடாமலே படகு மூழ்கிவிட்டது. அந்த எட்டுப் பேரில் ஒருவர் ஸ்மித். பின்னாளில் இங்கிலாந்தின் மிக உயர்ந்த நீதிபதிகளில் ஒருவராகப்போகிற ஸ்மித்துக்கு...

நீச்சல் தெரியாது!

மூன்று வருடமாக நதியிலேயே கிடந்த மனிதருக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரிலிருந்து தூக்கி எடுத்துக் காப்பாற்றினார்கள். அன்று அந்தக் கூத்தை எல்லாம் நடுவர் படகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? சிட்டி! மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோளோடு தோள் உட்காரப்போகிற இருவரில் ஒருவர் நனைந்த பூனையாகக் கரையேற, மற்றவர் உலர்ந்த கோட்டுடன் ‘ஆக்ஸ்ஃபோர்டு வெற்றி’ என்று அறிவிக்கிறார். 1897-ல் கவுன் அறையில் எதிரெதிரே நின்றபோது சிட்டியின் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்திருக்காதா?

ஆனால் நதி எப்போதும் விளையாடிக்கொண்டே இருப்பதில்லை. 1900-ல் ஸ்மித்தும் மாஸ்டர் ஆஃப் த ரோல்ஸ் ஆனார். அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்தின் ஸ்பே நதியில் அவர் மனைவி மூழ்கி இறந்தார். அந்த அடியிலிருந்து அவர் எழவில்லை. அதே 1901-ல் அவரும் போய்விட்டார். இந்தக் கதையில் குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

கரையில் நீதிபதி, நதியில் நடுவர்

தமிழில் ‘நடுவர்’ என்ற ஒரே சொல் விளையாட்டுக்கும் பொருந்தும், குற்றவியல் நீதிமன்றத்துக்கும் பொருந்தும். அந்தச் சொல்லுக்கு ரத்தமும் சதையுமாக ஓர் உதாரணம் வேண்டும் என்றால் சிட்டியைத்தான் காட்ட வேண்டும். 1849-ல் மார்ச்சில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று ஒரே வருடத்தில் இரண்டு போட்டிகள் நடந்தன. இரண்டிலும் அவர் ஆக்ஸ்ஃபோர்டு படகில் இருந்தார். 1850-களின் பிற்பகுதியிலிருந்து 1880 வரை நடுவர் படகே அவருடைய இடம். 1881-ல் நீதிபதி பதவி வந்தது, நடுவர் வேலை நின்றது. நதியில் கற்றுக்கொண்டதைக் கரைக்குக் கொண்டுபோனார் என்று சொல்லலாம்.

அவருடைய நதி வாழ்க்கையின் மிகப் பெரிய தலைவலி 1877-ல் வந்தது. இரண்டு படகுகளும் மோர்ட்லேக்கை நோக்கி மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு வருகின்றன. ஆக்ஸ்ஃபோர்டு படகில் ஒருவர் துடுப்பு வழியிலேயே சேதமாகிவிட்டது. முடிவுக் கோட்டில் யார் முந்தினார்கள் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு ஜான் ஃபெல்ப்ஸ் என்ற வயதான படகோட்டியிடம். கரையிலும் நதியிலும் கூட்டம், கூச்சல், குறுக்கே வேடிக்கைப் படகுகள். கோட்டைத் துல்லியமாகக் காட்டும் கம்பங்களும் அன்று கிடையாது. ஃபெல்ப்ஸ் சொன்னார்: ‘இரண்டும் சமம்.’

விடுமா ஆக்ஸ்ஃபோர்டு? ‘கிழவர் புதருக்கடியில் தூங்கிவிட்டார்’, ‘குடித்திருந்தார்’ என்று கதை கட்டினார்கள். அந்தக் கதைகள் இன்றுவரை நதிக்கரை மதுக்கடைகளில் ஓடுகின்றன. நடுவரான சிட்டியோ ஆக்ஸ்ஃபோர்டின் பழைய ஆள்! அவர் நினைத்திருந்தால்? நினைக்கவில்லை. சாட்சியை விசாரித்தார், சாட்சி சொன்னதை ஏற்றார், சமன் என்று அறிவித்தார். இத்தனை ஆண்டுப் படகுப் போட்டி வரலாற்றில் சமனில் முடிந்த ஒரே போட்டி அதுதான். தன் பக்கத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல ஒரு மனிதர் ஒத்திகை பார்த்த இடம் நீதிமன்றம் அல்ல, ஆட்டம் போடும் ஒரு நீராவிப் படகு.

பிறகு அவர் நீதிபதியாக உட்கார்ந்திருந்த ஒரு நாள் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்ததாம். சலசலப்புக்கு நடுவில் சிட்டி அசையாமல், வானமே இடிந்து விழுந்தாலும் நீதி நடக்கட்டும் என்ற பழைய லத்தீன் வாசகத்தைச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. மூழ்கும் படகையே பார்த்தவருக்குக் காரை எம்மாத்திரம்!

ஒரு கேமரா இருந்திருந்தால்...

1877-ல் அந்த மோர்ட்லேக் கோட்டில் ஒரே ஒரு வேகமான கேமரா இருந்திருந்தால் ஃபெல்ப்ஸின் மானம் தப்பியிருக்கும். கலிஃபோர்னியாவில் மைப்ரிட்ஜ் ஓடுகிற குதிரையை வரிசைக் கேமராக்களால் பிடித்துக் காட்டியது அடுத்த ஆண்டுதான். ஒரு வருடம் முந்திப் போட்டி வைத்துவிட்டார்கள், பாவம்.

அதற்காக அன்றைய நீதிபதிகளுக்குக் கேமரா தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். வாருங்கள், இன்னொரு கதவு இருக்கிறது. மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். இது கவுன் அறை இல்லை, ஆய்வுக்கூடம்.

உள்ளே இருப்பவர் வில்லியம் ராபர்ட் குரோவ். 1811-ல் வேல்ஸின் ஸ்வான்சியில் பிறந்தவர். 1835-ல் வழக்கறிஞர் ஆனார். உடல்நிலை ஒத்துழைக்காததால் கோர்ட்டை விட்டுக் குடுவைகளுக்குள் புகுந்தார். 1839-ல் துத்தநாகமும் பிளாட்டினமும் வைத்து அவர் செய்த மின்கலம் அந்தக் காலத்தின் முரட்டு பேட்டரி. நைட்ரிக் அமிலத்திலிருந்து பழுப்பு நிறத்தில் நச்சுப் புகை குபுகுபுவென்று கிளம்பும். அதே புகையோடுதான் அமெரிக்கத் தந்தி நிலையங்கள் ஆரம்ப காலத்தில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தன.

மேஜை மேல் என்ன பளபளக்கிறது பாருங்கள். வெள்ளி பூசிய செம்புத் தகடு. டாகரோடைப் என்ற அந்தக் காலப் புகைப்படம். வெள்ளியை அயோடின் ஆவியில் காட்டி, கேமராவில் வைத்து ஒளி படவிட்டு, பிறகு பாதரச ஆவியில் பிடித்தால் உருவம் எழும்பி வரும். அழகென்றால் அழகு. ஒரே குறை, ஒரு தகட்டுக்கு ஒரு படம்தான். பிரதி எடுக்க முடியாது.

குரோவின் வழக்கறிஞர் மூளை இதை விடவில்லை. 1841-ல் அவர் செய்ததைக் கிட்டப்போய்ப் பாருங்கள். படமுள்ள தகட்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இறக்குகிறார். எதிரே, விரல் நுழையாத இடைவெளியில், ஒரு பிளாட்டினத் தகடு. தன் மின்கலத்திலிருந்து மின்சாரம் விடுகிறார், அரை நிமிடம் போலத்தான். வெளியே எடுத்தால் தகடு முழுக்க அழுக்கு படிந்ததுபோல ஒரு படலம். போச்சு, படம் போச்சு! பதறாதீர்கள். அம்மோனியா நனைத்த பஞ்சால் மெதுவாக ஒத்தி எடுக்கிறார். கீழே... முகம்! ஒளி பட்ட இடம் ஒரு மாதிரி, நிழல் விழுந்த இடம் வேறு மாதிரி அரிக்கப்பட்டு, வெறும் படமாக இருந்த தகடு செதுக்கிய அச்சுத் தகடாக மாறி நிற்கிறது.

அக்கால அச்சுப்படங்களின் கீழே வரைந்தவர் பெயரும் செதுக்கியவர் பெயரும் போடுவது வழக்கம். இனிமேல் ஒளி வரைந்தது, மின்சாரம் செதுக்கியது என்று போட்டுக்கொள்ளலாம் என்று குரோவ் குறும்பாகச் சொன்னார். குறும்பு பலித்தது, வியாபாரம் பலிக்கவில்லை. கோடுகளின் ஆழம் போதாமல் மை சரியாகப் பிடிக்கவில்லை. ஒளி அவருக்கு ஸ்டே கொடுத்துவிட்டது!

குடும்பம் பெருகியது, பர்ஸ் சுருங்கியது. குரோவ் மறுபடியும் கவுன் மாட்டினார். 1854 டிசம்பரில் லண்டனே எட்டிப்பார்த்த ஒரு வழக்கு: டால்பட் எதிர் லரோஷ். காகிதத்தில் நெகடிவ் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்த டால்பட், ஸ்டூடியோக்காரர் லரோஷ் பயன்படுத்தும் கொலோடியன் முறையும் தன் காப்புரிமைக்குள் அடக்கம் என்றார். அவர் பக்கம் நின்ற வழக்கறிஞர்களில் ஒருவர் குரோவ். மூன்று நாள் காலிக் அமிலம், பைரோகாலிக் அமிலம் என்று கேட்டு ஜூரிகளுக்குத் தலை சுற்றியிருக்கும். கடைசியில் கண்டுபிடித்தவர் டால்பட்தான், ஆனால் லரோஷ் அவர் உரிமையை மீறவில்லை என்றார்கள். குரோவின் கட்சி தோற்றது. அந்தத் தோல்வியால் இங்கிலாந்தில் யார் வேண்டுமானாலும் உரிமக் கட்டணம் இல்லாமல் ஸ்டூடியோ திறக்கலாம் என்றானது. படக்கலையை நேசித்த ஒருவர் அதற்குச் செய்த பெரிய உதவி, அந்த வழக்கில் தோற்றதுதான்!

1871-ல் குரோவ் நீதிபதியானார். காப்புரிமை வழக்கு வந்தால் தீர்ப்பை மறந்துவிட்டு, ‘இந்த இயந்திரத்தில் இந்தத் திருகை இப்படி மாற்றினால் இன்னும் நன்றாக ஓடுமே’ என்று யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். நம்பாமல் இருக்க முடியவில்லை.

சீஃப் பேரனும் 24 பிள்ளைகளும்

குரோவ் மட்டுமா? லண்டன் புகைப்படச் சங்கத்துக்கு 1855 முதல் 1869 வரை தலைவராக இருந்தவரே ஒரு நீதிபதிதான். சர் ஃப்ரெடரிக் பொல்லக். குதிரைச் சேணம் செய்பவரின் மகன், கேம்பிரிட்ஜ் கணிதத்தில் 1806-ல் முதலிடம். எக்ஸ்செக்கர் நீதிமன்றத்தின் தலைமைப் பதவியில் இருந்தார். அந்தப் பதவியின் பெயர் ‘லார்ட் சீஃப் பேரன்’. பேரன் என்று படித்ததும் நமக்குச் சிரிப்பு வரும். அவருக்கும் வந்திருக்கும், தமிழ் தெரிந்திருந்தால். இரண்டு திருமணத்தில் 24 பிள்ளைகள். பேரன்களுக்கு அந்த வீட்டில் என்ன பஞ்சம்?

1864 அக்டோபரில், 81 வயதில், பொல்லக் ஓல்ட் பெய்லியில் ஒரு கொலை வழக்கை விசாரித்தார். பிரிட்டனின் முதல் ரயில் கொலை. ஓடும் ரயிலில் தாமஸ் பிரிக்ஸ் என்ற வங்கிக்காரரைத் தாக்கி, கடிகாரச் சங்கிலியைப் பறித்துப் போனவன் யார்? ஒரு குதிரைவண்டிக்காரர் ஃப்ரான்ஸ் முல்லர் என்ற தையல்காரரின் புகைப்படத்தைப் போலீசிடம் கொடுத்தார். சங்கிலியை மாற்றிக்கொடுத்த நகைக்கடைக்காரர் படத்தைப் பார்த்ததும் ‘இவர்தான்’ என்றார். நகைக்கடைக்காரரின் பெயரைக் கேளுங்கள்: டெத்!

முல்லர் அதற்குள் பாய்மரக் கப்பலில் நியூயார்க் போய்க்கொண்டிருந்தார். துப்பறிவாளர்கள் நீராவிக் கப்பல் பிடித்து, ஏறக்குறைய மூன்று வாரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்து, கரையில் காத்துக்கொண்டிருந்தார்கள். பாயும் நீராவியும் போட்ட போட்டியில் ஜெயித்தது நீராவி. புகைப்படச் சங்கத் தலைவர் நடுநாயகமாக உட்கார்ந்திருக்க, ஒரு புகைப்படம் கூண்டில் ஏற்றிய மனிதரை ஜூரி கால் மணி நேரத்தில் குற்றவாளி என்றது. வீட்டில் பொழுதுபோக்காக இருந்த அட்டைப்படம் கோர்ட்டில் தூக்குக் கயிறுவரை இழுத்துப்போகும் என்பதை அந்தக் கிழவர் அன்று எப்படி எடுத்துக்கொண்டாரோ.

வால்செய்தி ஒன்று. நம் படகுக்காரர் மக்நாட்டனின் சித்தப்பா முறையினர் ஒருவர் 1841-ல் காபூலில் கொல்லப்பட்டார். மறு வருடம் பழிவாங்கப் படையோடு காபூல் போன தளபதி, இந்தப் பொல்லக்கின் தம்பி. அதே மக்நாட்டனின் தாத்தா சர் ஃப்ரான்சிஸ் நம்முடைய மதராஸ் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதியாக இருந்தவர். உலகம் சின்னது என்பார்கள். நீதிபதிகளின் உலகம் அதைவிடச் சின்னது, ஒரு படகுக்குள் அடங்கிவிடும்.

தூத்துக்குடியில் ஒரு தீர்ப்பு

கோர்ட்டில் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். குனிந்து பேசுகிறார்கள். வாக்கியத்துக்கு ஒரு ‘மை லார்ட்’. வருடக்கணக்கில் இப்படியே கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்கும் தான் சொல்வதெல்லாம் சரி என்று தோன்றிவிடும். அலை அப்படி மரியாதை பார்ப்பதில்லை. வெள்ளித் தகடும் அமிலமும் அப்படித்தான், தப்பாகச் செய்தால் அங்கேயே, அப்போதே, தீர்ப்பு. ஸ்மித்தை நனைத்ததும் குரோவின் மையை வழுக்கவிட்டதும் அதே தீர்ப்புதான். எதிர்வாதம் செய்கிற ஒன்றோடு கொஞ்ச நேரமாவது பழகியவர்கள் மேடை ஏறினால், கீழே நிற்பவர் பேச்சைக் கேட்கும் பழக்கம் விட்டுப்போகாது.

கிளம்புவதற்கு முன் குரோவின் மேஜை மூலையில் இருக்கும் அந்தக் கண்ணாடிக் குழாய்களையும் பார்த்துவிடுங்கள். 1842-ல் செய்தது. ஒன்றில் ஹைட்ரஜன், ஒன்றில் ஆக்சிஜன், நடுவில் பிளாட்டினப் பட்டைகள். இரண்டு வாயுவும் சேர்ந்து தண்ணீராகும்போது மின்சாரம் வருகிறது. வாயு மின்கலம் என்றார் அவர், நாம் எரிபொருள் மின்கலம் என்கிறோம். அந்தக் காலத்தில் அதை வைத்து உருப்படியாக ஒரு வேலையும் ஆகவில்லை. 1965-ல் நாசாவின் ஜெமினி விண்கலத்தில் ஏறியது.

2024 பிப்ரவரி 28. தூத்துக்குடியில் நடந்த விழாவில் பிரதமர் ஒரு படகைத் தொடங்கிவைத்தார். கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டி, காசியின் கங்கைக்கென்று அனுப்பிய, ஹைட்ரஜன் எரிபொருள் மின்கலத்தில் ஓடும் இந்தியாவின் முதல் உள்நாட்டு நீர்வழிப் படகு. குரோவின் குழாய்களுக்குள் நடந்த அதே சங்கதிதான் அதற்குள்ளும் நடக்கிறது. ஆக, துடுப்புப் போட்ட நான்கு நீதிபதிகளையும் தாண்டி, புகைப்படத் தகட்டோடு மல்லுக்கட்டிய நீதிபதி 182 வருடம் கழித்துப் படகு ஓட்ட வந்துவிட்டார்.

அந்தப் படகு புகை விடாது. மின்கலத்திலிருந்து கடைசியில் வெளியே வருவது கொஞ்சம் சுத்தமான தண்ணீர்.